தேவராஜின் கொடிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

என்னுடைய வியாதிக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எனக்கு உண்டு. அவற்றுக்கு மாத்திரை இருக்கிறது. நான் சொல்ல வந்த வியாதி வேறு. எழுபத்தாறாவது வயதில் அது முற்றிப்போய், போன வருஷம் பல மாதங்கள் நான் திருவிருந்துக்கு எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலி, மண்டியிட முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். என் முழங்கால்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒரு மனுஷன்மேல் இருந்த எரிச்சல்தான் என்னை எழுந்திருக்க விடவில்லை. சகோதரன்மேல் கசப்பை வைத்துக்கொண்டு அந்தப் பந்திக்குப் போகக்கூடாது என்று சின்ன வயதிலேயே படித்தவன் நான். கசப்பை விடவும் முடியவில்லை. பந்திக்குப் போகவும் முடியவில்லை. இப்படியே செத்துப்போவேனோ என்று பயந்தேன். அந்தப் பயத்திலிருந்து ஆண்டவர் என்னை எப்படித் தூக்கிவிட்டார் என்று என்னைப் போன்ற விசுவாசிகளுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் பெயர் சத்தியநாதன். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் என் மனைவி பாக்கியமும் நானும் இருக்கிறோம். சுரங்கம் ஓடிய காலத்தில் நான் டைம் ஆபீஸில் கிளார்க். ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்குப் பித்தளை டோக்கன் கொடுப்பதும், அவர்கள் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்ததும் அதைத் திருப்பி வாங்கி ஆணியில் மாட்டுவதும் என் வேலை. ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். அதனால் எண்ணுவது என் ரத்தத்தில் ஊறிவிட்டது. சுரங்கம் மூடிய பிறகும் அது போகவில்லை. ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மின்விசிறி ஓடுகிறது, ஆயர் பிரசங்கத்தில் எத்தனை தடவை 'கடைசியாக' என்று சொன்னார், எல்லாம் என் மனதில் கணக்காக ஓடிக்கொண்டே இருக்கும்.

தேவராஜ் எங்கள் லைனிலேயே மூன்றாவது வீடு. பூமிக்கு அடியில் டிரில் பிடித்தவர். என் வயதுதான். மனைவி இறந்துவிட்டார். உரக்கப் பேசுவார், உரக்கச் சிரிப்பார். பாட்டில் சுருதி சேராது. ஆனாலும் முன்வரிசையில் நின்று பாடுவார். சபையில் எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'. நான் 'சார்'. ஆயரும் அப்படித்தான். அவரைப் பார்த்தால், "அண்ணே, சாப்ட்டீங்களா?" என்று தோளில் கை போடுவார். என்னைப் பார்த்தால், "சார், ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இத்தனை வருஷம் சபைக் கமிட்டியில் உழைத்தவன் நான். ஞாயிறு பள்ளி நடத்தியவன் நான். தேவராஜ் என்ன செய்தார்? சிரித்தார். அவ்வளவுதான்.

என் மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை ரயிலில் வந்து இறங்குவான். முதலில் தேவராஜ் மாமா வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். அதன் பிறகுதான் எங்கள் கதவு தட்டப்படும். பெற்ற மகன் ஊருக்கு வந்துவிட்டான் என்பதை அடுத்தவர் வீட்டுச் சிரிப்பை வைத்துத் தெரிந்துகொள்ளும் தகப்பனின் மனது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பாக்கியம் மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போகும். நான் துண்டுகளை எண்ணுவேன்.

"அவருக்கு நடுத்துண்டு. எனக்கு வாலு."

"இன்னாங்க, பொண்டாட்டி இல்லாத மனுஷன். மீனுத் துண்டுல போயி கணக்குப் பாக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த தடவையும் எண்ணினேன்.

எல்லாவற்றையும்விட என்னை எரித்தது அறுப்பின் பண்டிகை. அன்றைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்போம். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் அவற்றை ஏலம் விடுவார்கள். எங்கள் வீட்டுப் பின்புறம் ஓர் எலுமிச்சை மரம் இருக்கிறது. வருஷா வருஷம் நூறு பழம் எண்ணி, கூடையில் அடுக்கிக் கொண்டுபோவேன். நூறில் ஒன்று குறைந்ததில்லை. ஏலம் கூவுகிறவர் என் கூடையைத் தூக்கிக் காட்டும்போது பந்தலில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். யாராவது ஊறுகாய்க்கு என்று எடுத்துக்கொள்வார்கள். முடிந்தது.

தேவராஜ் கொண்டு வருவது ஒரே ஒரு பரங்கிக்காய். பூதிகோட்டையில் ஒரு விவசாயியிடம் விதை வாங்கி, குளியலறைச் சுவரோரம் நட்டு, கொடியைக் கூரைமேல் ஏற்றி வளர்ப்பார். அது ஏலத்துக்கு வந்தால் பந்தலே எழுந்து நிற்கும். ஒருவர் கேட்பார், இன்னொருவர் ஏற்றுவார். எடுத்தவர் அதைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பார். மறுபடி ஏலம் போகும். கடைசியில் அதையே வெட்டி மத்தியானச் சாப்பாட்டுக்குக் குழம்பு வைப்பார்கள். நான் அந்தக் குழம்பைத் தொட்டதில்லை. சர்க்கரை என்று சொல்லிவிடுவேன்.

அந்தப் பந்தலில் வைத்து ஒரு தடவை தேவராஜ் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"இன்னா கிளார்க் சார், எலுமிச்சம்பழத்த எண்ணிட்டீங்களா? ஒண்ணு கொறஞ்சா கேஜு மேல வராதே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாய் வீடு வந்து சேரும்வரை கசந்தது.

போன வருஷம் ஆகஸ்ட் மாதம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று முடிவானது. பெங்களூரில் மகள் வீட்டில் தங்கி, அங்கேயே ஆஸ்பத்திரியில் செய்துகொள்வதாக ஏற்பாடு. புறப்படும் அன்று காலை என் வீட்டுக்கு வந்தார்.

"சார், பொண்ணு ஊட்டுக்குப் போறேன். ஒரு மாசத்துக்கு மேல ஆவும் போல கீது. கொடிக்கு நீங்கதான் தண்ணி ஊத்தணும். காலைல ஒரு கொடம், சாயந்தரம் ஒரு கொடம்."

"நானா? உங்களுக்குத்தான் சபை பூரா தம்பிங்க இருக்காங்களே."

"அவனுங்களா? அண்ணே அண்ணேம்பானுங்க, ரெண்டாம் நாளு மறந்துடுவானுங்க. நீங்க ஒரு கொடம்னா ஒரு கொடம் ஊத்துவீங்க. ஒரு சொம்பு கொறையாது."

வீட்டுச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கூரையைக் காட்டினார். வைக்கோல்மேல் ஒரே ஒரு காய் உட்கார்ந்திருந்தது. மற்றப் பிஞ்சுகளையெல்லாம் கிள்ளி எறிந்திருந்தார்.

"இது ஆண்டவருக்கு. வேற ஒண்ணையும் உட்டு வெக்கல" என்றார்.

முதல் சில நாட்கள் ஊற்றினேன். அந்த ஞாயிறு சபையில் தேவராஜ் அண்ணனுக்காக விசேஷ ஜெபம் செய்தார்கள். பெண்கள் அழுதார்கள். ஆயர் பெங்களூருக்கே போய்ப் பார்த்துவிட்டு வரப்போவதாக அறிவித்தார். எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது விசாரிக்க வந்தவர்களை நான் எண்ணியிருந்தேன். ஒரு கை விரல்களே அதிகம். ஆயர் வாசலில் நின்று ஜெபம் செய்துவிட்டுப் போனார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

அன்று சாயந்தரம் நான் தண்ணீர் ஊற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் எதையும் மறக்கிறவன் இல்லை. மறுநாளும் ஊற்றவில்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம் கதவைத் திறந்துகொண்டு போய்ப் பார்த்தேன். இலைகள் துவண்டு தொங்கின. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து பறந்துவந்த வெள்ளை மண் அவற்றின்மேல் படிந்திருந்தது. பார்த்ததும் என் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. சந்தோஷம். எத்தனையோ நாளாக எனக்கு வராத சந்தோஷம்.

அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இந்தப் பாவத்துக்குக் கை ஓங்க வேண்டியதில்லை. பெரிய பொய்கூடத் தேவையில்லை. மழை ஏமாற்றிவிட்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். சும்மா இருந்தால் போதும்.

அங்கே ஒரு கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்தேன். ஞாயிறு பள்ளியில் வருஷா வருஷம் நான் சொல்லிக்கொடுத்த கதை நினைவுக்கு வந்தது. ஆதித் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் காணிக்கை கொண்டு வந்த கதை. தம்பியுடையதை ஆண்டவர் ஏற்றுக்கொண்டார், அண்ணனுடையதை ஏற்கவில்லை. அண்ணனின் முகம் வாடிப்போயிற்று. ஆண்டவர் அவனைத் தள்ளிவிடவில்லை, பேசினார். பாவம் உன் வாசலில் காத்துக்கிடக்கிறது, நீதான் அதை அடக்க வேண்டும் என்று எச்சரித்தார். "அண்ணன் காணிக்கையை ஏன் ஏத்துக்கலை?" என்று பிள்ளைகளைக் கேட்பேன். "நல்லத அவனே வெச்சிக்கினான் சார்!" என்று கத்துவார்கள். சபாஷ் என்பேன்.

அந்தப் பக்கெட்டின்மேல் உட்கார்ந்து என் நூறு பழங்களை நினைத்தேன். பெரிய பழங்கள் பஜாரில் கடைக்குப் போகும். நடுத்தரம் எங்கள் ஊறுகாய்க்கு. தோலில் புள்ளி விழுந்ததையும் சிறுத்ததையும் பொறுக்கி நூறாக்குவேன். எண்ணிக்கையில் பிசகே கிடையாது. எண்ணிக்கையைத் தவிர வேறு எதையும் நான் ஆண்டவருக்குக் கொடுத்ததில்லை. அந்த மனுஷனோ கூரைமேல் வேறு ஒரு பிஞ்சைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

ஜெபம் செய்தேன். சபையில் செய்கிற மாதிரி அலங்காரமான ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே, இந்தக் காய் பிழைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. ஆசைப்படவும் என்னால் முடியவில்லை. என் மனது உம்முடைய பேச்சைக் கேட்காது. என் கையையாவது ஊற்ற வையும்." இவ்வளவுதான். ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

எழுந்து போய்க் குடத்தை எடுத்தேன்.

மனது மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். மனது திட்டிக்கொண்டே இருந்தது. கை ஊற்றிக்கொண்டே இருந்தது. காலையில் திட்டிக்கொண்டு ஒரு குடம், சாயந்தரம் திட்டிக்கொண்டு ஒரு குடம். இலைகள் நிமிர்ந்தபோது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதிக்குத் தண்ணீர் ஏற்றும் போர்வெல் மோட்டார் எரிந்துபோயிற்று. குழாய் அடியோடு நின்றது. டேங்கர் வந்தால் வீட்டுக்கு இத்தனை குடம் என்று அளந்து கொடுத்தார்கள். பூட்டிய வீட்டுக்குப் பங்கு கிடையாது. எங்கள் பங்கில் சமைக்க, குடிக்க, குளிக்க எடுத்ததுபோக மிஞ்சுவது மரத்துக்கோ கொடிக்கோ, ஒன்றுக்குத்தான் போதும். எலுமிச்சை மரம் நிறையக் காயோடு நின்றது.

குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசல் தாண்டினேன். பாக்கியம் பார்த்துவிட்டாள்.

"எங்க எடுத்துகினு போறீங்க?"

"அங்க."

"நம்ம மரம் காயுது, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"தேவராஜண்ணனத்தான் உங்களுக்குப் புடிக்காதே?"

"இப்பவும் புடிக்கல."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய், அரிசி களைந்த தண்ணீரைச் சட்டியோடு கொண்டுவந்து என் குடத்தில் ஊற்றினாள்.

எங்கள் மரம் காய்களை உதிர்த்தது. காலையில் எழுந்தால் தரையெல்லாம் பச்சைக் குண்டுகள். நான் அவற்றை எண்ணினேன். சில நாட்களுக்குப் பிறகு எண்ண மனம் வராமல் பெருக்கித் தள்ளினேன்.

தேவராஜ் பெங்களூரிலிருந்து போன் செய்வார்.

"காய் எப்பிடி கீது சார்?"

"இருக்குது."

"பெருத்துச்சா?"

"நான் இன்னா அளந்தா பாத்தேன்?"

அளந்துதான் பார்த்திருந்தேன். நூலால் சுற்றளவு எடுத்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

ஒரு நாள் காலை அந்தக் கூரைமேல் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. காயின்மேல் கை வைத்துத் தட்டிப் பார்த்தது. நான் செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது போகவில்லை. ஏணியைச் சாத்தி, கம்போடு மேலே ஏறிவிட்டேன். குரங்கு ஓடியது. கீழே பக்கத்து வீட்டு லட்சுமியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"சாருக்கு முட்டி வலி, கோயில்லகூட மண்டி போட முடியலன்னு உங்க ஊட்டம்மா சொன்னாங்க. குரங்கவிட வேகமா ஏறுறீங்களே!"

ஏணியில் நின்ற எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான் சொன்ன பொய்யை ஆண்டவர் லைன் முழுக்கக் கேட்கும்படி உடைத்துப் போட்டார்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் தேவராஜ் வந்து சேர்ந்தார். இளைத்திருந்தார். மெதுவாக நடந்து போய்க் கொடியைப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுப் பின்புறம் வந்து நின்றார்.

"இன்னா சார், உங்க மரம் மொட்டையா நிக்குது?"

பாக்கியம் வாயைத் திறந்தாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன்.

"வெயிலு" என்றேன்.

"அந்த வெயிலு எங்க ஊட்டுக்கு வரலியா?"

நான் குனிந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கினேன். அவர் மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றார். போகும்போது, "வெயிட்டு தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு சார். நாளைக்குக் காய நீங்கதான் கோயிலுக்கு எடுத்தாரணும்" என்றார்.

மறுநாள் காலை எங்கள் மரத்தில் இருந்த பழங்களை எல்லாம் பறித்தேன். பொறுக்கவில்லை, பிரிக்கவில்லை. கடைக்கு இல்லை, ஊறுகாய்க்கும் இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் கூடையின் அடியைத்தான் நிறைத்தன. வெட்கத்தோடு பாக்கியத்திடம் கொடுத்தனுப்பினேன். பிறகு தேவராஜின் பரங்கிக்காயைத் தோளில் ஏற்றினேன்.

ஆலயத்துக்குள் நுழைந்ததும் முணுமுணுப்பு எழுந்தது. "அண்ணன் காய் வருது!" என்று யாரோ சொன்னார்கள். ஆயர் முகம் மலர்ந்து, "தேவராஜ் அண்ணனுடைய காணிக்கை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தேவராஜ் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நிமிஷம் வாசலில் காத்துக்கிடந்த அந்தப் பாவம் எழுந்து என் தொண்டைவரை வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றியது நான். என் மரத்தைக் காயவிட்டு ஊற்றினேன். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாக் கைதட்டலும் என் பக்கம் திரும்பிவிடும். "ஆண்டவரே, இப்போது என் வாயைப் பிடித்துக்கொள்ளும்" என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

பீடத்துக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. அதில் கால் வைக்கும்போது லேசாகத் தடுமாறினேன். என் இரண்டு கைகளும் பதறிப்போய்க் காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டன. ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த குழந்தையைப் போல அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழுந்துவிடுமோ, உடைந்துவிடுமோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்தக் காய் அழுக வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். இப்போது அது உடைந்துவிடக்கூடாதே என்று நடுங்குகிறேன். கையை மட்டும்தான் கேட்டேன். ஆண்டவர் மனதையும் சேர்த்துத் திருப்பிவிட்டார். எந்த நாள் திரும்பியது? நூலால் அளந்த அன்றா, குரங்கைத் துரத்திய அன்றா, உதிர்ந்த காய்களை எண்ணாமல் பெருக்கிய அன்றா? எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதைக் குறித்துவைக்கவில்லை. காயை இறக்கி வைத்தேன். கண்ணீர் வந்துவிட்டது. கனம் தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்தார்.

அன்று திருவிருந்தும் இருந்தது. நான் எழுந்து போனேன். மண்டியிட்டேன். தேவராஜும் வந்தார். ஆபரேஷன் ஆன உடம்பு, அவரால் மண்டியிட முடியாது. பக்கத்தில் நின்று, விழாமலிருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். குனிந்து என் காதில் கேட்டார்:

"முட்டி எப்பிடி கீது சார்?"

"நல்லா கீது" என்றேன்.

பந்தலில் மற்றப் பொருள்களின் ஏலம் நடந்தபோது நான் சமையல்காரர்களோடு உட்கார்ந்து பரங்கிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அன்று குழம்பும் சாப்பிட்டேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் கேட்டாள்: "நம்ம எலுமிச்சம்பழம் இன்னா வெலைக்குப் போச்சு?"

"தெரியல."

"யாரு எடுத்தாங்க?"

"கேக்கல."

என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "ஜொரம் ஒண்ணும் இல்லியே" என்றாள்.

எரிச்சல் என்னைவிட்டு ஒரேயடியாக ஓடிவிட்டது என்று சொன்னால் அது பொய். மகன் வரும்போது அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் இன்னும் உள்ளே ஒரு முள் குத்துகிறது. மீன் துண்டுகளும் என் கண்ணில் படுகின்றன. ஆனால் அந்த முள்ளோடு நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதில்லை. எழுந்து அங்கேயே போய்விடுகிறேன். மூன்று பேராகச் சிரிக்கிறோம்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு தேவராஜ் இருக்கலாம். உங்கள் அக்காவாக இருக்கலாம், கூட வேலை செய்கிறவராக இருக்கலாம், சபையில் முன்வரிசையில் பாடுகிறவராக இருக்கலாம். மனது நல்லதாகட்டும், பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிற மனதை இருக்கிறபடி ஆண்டவரிடம் காட்டுங்கள். அவருக்குத் தெரியாதது இல்லை. கையை மட்டுமாவது அவரிடம் கொடுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். என்னைப் போன்ற கஞ்ச மனதுக்காரனைத் திருப்பினவர் உங்களையும் திருப்புவார்.

இந்த வருஷமும் அந்தக் கொடி கூரை ஏறிவிட்டது. தேவராஜ் இன்னும் குடம் தூக்கக்கூடாது. இன்று காலையும் போய் ஊற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இது எத்தனையாவது குடம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.